துருப்பிடித்த வானம்

மொட்டைமாடியில் முக்காலி மேல் கேமரா நிற்கிறது. காற்றுக்கு ஆடாமலிருக்க அதன் நடுவில் தண்ணீர்க் கேன் ஒன்று தொங்குகிறது. இருட்டில் படம் மெல்லப் பதிவதற்காக ஷட்டர் திறந்தே இருக்கிறது. படத்தில் கருநிழலாக மட்டும் விழுவதற்காக, எதிரே கைப்பிடிச்சுவரில் சாய்ந்து ஆணி அடித்தாற்போல் நிற்கிறாள் அக்கா. அவளுக்குப் பின்னால் ஊர் விளக்குகளெல்லாம் சேர்ந்து வானத்தைத் துருப்பிடிக்க வைத்திருக்கின்றன. மருந்துக்கும் ஒரு நட்சத்திரம் இல்லை. தம்பி மூச்சிரைக்கப் படியேறி வருகிறான். "புகைப்படச் சங்கத்துல சொல்லிட்டாங்கக்கா. உன் படத்துல வானத்து ஆரஞ்சைக் கம்ப்யூட்டர்ல துடைச்சுக் குடுத்தாத்தான் கண்காட்சியில மாட்டுவாங்களாம்." அவள் உதடு மட்டும் அசைகிறது. "விடிய விடிய விளக்கை எரியவிடுறவனுக்கு வெட்கமில்ல. படம் எடுக்கறவ வெட்கப்படணுமா?" "அவங்க அனுப்பினதை நீயே பாரு" என்று அவன் செல்போனை உருவ, கை பட்டு டார்ச் பளீரென்று அவள் முகத்தில் அடிக்கிறது. ஷட்டர் மூடிக்கொள்கிறது. "ஐயோ, கெடுத்துட்டேனே!" இருவரும் கேமராவின் சின்னத் திரைமேல் குனிகிறார்கள். துரு வானத்தின் கீழே, தாடையைத் தூக்கிக்கொண்டு முறைக்கிறது அவள் முகம். இப்படி வெளிச்சம் விழுந்த படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அழிக்கிறவள்தான். இன்று அழிக்கும் பொத்தானுக்குப் போன விரலை இழுத்துக்கொள்கிறாள். "இதையே அனுப்புடா. வானத்தைத் துடைக்கணும்னா முதல்ல என்னைத் துடைக்கட்டும்."