மேசை தட்டும் சத்தம்

காலையிலிருந்து குழந்தை அசையவில்லை.

சட்டமன்றத்தின் நடுவில், சபாநாயகர் இருக்கைக்குக் கீழே, சுருக்கெழுத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். எட்டாம் மாதம். ஆறு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னை மாற்றிவிட வேண்டிய பெண் அன்று வரவில்லை. நாற்பது நிமிடமாக நானே எழுதிக்கொண்டிருந்தேன்.

விவாதத்தில் இருந்தது கர்ப்பிணித் தொழிலாளர் மசோதா. உடம்பு சரியில்லை என்று ஒரு பெண் சொன்னால் அந்த நிமிடமே அவளை அனுப்ப வேண்டும். அனுப்பாத முதலாளிக்குச் சிறை. வாய் கிழியப் பேசினார்கள். அமைச்சருக்குக் குரல்கூடத் தழுதழுத்தது. எனக்கு விரல் மரத்துப்போனது.

பக்கத்திலிருந்த தலைமைச் சுருக்கெழுத்தரிடம் மூன்றாவது முறையாகக் கிசுகிசுத்தேன்.

"குழந்தை அசையல சார். ஆஸ்பத்திரிக்கு விடுங்க சார்."

"மசோதா முடியட்டும்மா. உங்களுக்காகத்தானே போடுறாங்க?"

கெட்டவரில்லை. தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். ஆனால் நான் எழுந்தால் பதிவு நின்றுபோகும். போன வருடம் அப்படிப் பாதியில் எழுந்து போனவளிடம் மறுநாளே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இடது கையால் வயிற்றை அழுத்தினேன். இனிப்பு தின்று பார்த்தாயிற்று. ஒருக்களித்து உட்கார்ந்து பார்த்தாயிற்று. ஒரு உதை, கண்ணே. ஒரே ஒரு உதை.

ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டினால் என் பிள்ளை துள்ளும். ஐந்தாம் மாதத்திலிருந்து ஒருநாளும் தப்பியதில்லை. இது ஆளுங்கட்சிதான் என்று என் வீட்டுக்காரர்கூடக் கேலி செய்வார்.

அமைச்சர் கடைசிப் பிரிவை வாசித்தார். 'இச்சட்டம் இந்த அவையின் பணியாளர்களுக்குப் பொருந்தாது.'

அதையும் எழுதினேன்.

எல்லாரும் ஆம் என்றார்கள். பிறகு தட்டினார்கள், இரண்டு கட்சியும் சேர்ந்து, மொத்த அவையும். என் மேசைவரை அதிர்ந்தது. பேனாவை வைத்துவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

தட்டி ஓய்ந்தார்கள்.

பேனாவை எடுத்து, 'மேசை தட்டும் ஒலி' என்று எழுதினேன். அதற்குக் கீழே, அங்கே யாரும் பேசாத ஒரு வரியையும் எழுதினேன்: 'குழந்தை துள்ளவில்லை.'

தலைமைச் சுருக்கெழுத்தர் எட்டிப் படித்தார். அவையில் பேசப்படாத வரி. வழக்கம்போல முதலில் அதை அடித்தார்.

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.