ஆமென் சொல்லும் முன்

"எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கறப்ப நீ மட்டும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, என்னம்மா இது?"

ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மணிமொழியிடம் மூப்பர் செல்லப்பன் கேட்டார். நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் கேட்டார்.

குன்னம் பக்கத்தில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ரோட்டோரம் இருக்கும் சின்னச் சபை அது. ஞாயிறுதோறும் முன்னால் நின்று சபை ஜெபத்தை நடத்துவது செல்லப்பன்தான். சிந்தை சிதறக்கூடாது என்பது அவர் சட்டம். கண்ணைத் திறந்தாலும் சிதறும், ஜெபம் நீண்டாலும் சிதறும் என்பார். அதனால் நறுக்கென்று நாலு வார்த்தை ஜெபித்துவிட்டு ஆமென் போட்டுவிடுவார்.

"ரொம்ப நாளா கவனிக்கறேன். உடம்பு இங்க, மனசு ரோட்டுல. ஆண்டவர் சமுகத்துல உக்காந்துக்கிட்டு பஸ்ஸு வருதா, லாரி வருதான்னு பாக்கலாமா? நெனப்பையெல்லாம் கொண்டாந்து அவரு காலடியில வெக்கணும்மா."

"முயற்சி பண்றேங்கய்யா."

"எங்க பண்ற? வெளிய பாத்து தலைய வேற ஆட்டுற."

"ஆமாங்கய்யா, நானும் பாத்தேன்" என்றாள் கூடப் பாய் சுருட்டிக்கொண்டிருந்த சசிகலா.

அப்படியானால் தாங்களும் கண்ணைத் திறந்துதானே வைத்திருந்தோம் என்பது அந்த இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மணிமொழி முகம் வாடிப்போனது. எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு மூப்பரிடம் வந்தாள்.

"நான் தலையாட்டுனது எங்க வூட்டுக்காரருக்குங்க."

செல்லப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் புருஷன் முத்துவேல் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். போன கிறிஸ்மஸ் ஆராதனைக்குக் குடித்துவிட்டு வந்து, பாட்டு முடிந்த பிறகும் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்துப்போய் கேட்டுக்கு வெளியே விட்டவர் செல்லப்பன்தான். சபையே திரும்பிப் பார்த்தது. அதோடு அவன் இந்தப் பக்கம் வரவில்லை.

"இப்பக் குடிக்கறதில்லீங்க. ஈஸ்டருக்கு முன்னாலயே விட்டுட்டாரு. சபைக்கு வாங்கன்னா, 'நான் உள்ள வந்தா அத்தனை தலையும் திரும்பும், என்னால தாங்க முடியாது'ங்கறாரு. எல்லாரும் கண்ணை மூடுனதும் நான் தலையாட்டணும், அவரு சத்தமில்லாம வந்து கடைசிப் பாயில உக்காந்துக்கணும். இதுதாங்க பேச்சு. வாரா வாரம் எதுத்தாப்ல டீக்கடையில வந்து நிக்கறாருங்க."

"பின்ன ஏன் வரல?"

மணிமொழி தயங்கினாள்.

"அவரு ரோட்டைத் தாண்டி வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள நீங்க ஆமென் சொல்லிடறீங்கய்யா."

செல்லப்பன் வாசல்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒத்தச் செருப்பைக் கழட்டிட்டாரு. அதுக்குள்ள எல்லாரும் கண்ணைத் தொறந்துட்டாங்க. அப்படியே திரும்பிப் போயிட்டாரு." என்றாள் மணிமொழி. "ஆம்பளைங்க பக்கம் அந்தக் கடைசிப் பாயில அவரு உக்காந்திருக்கறத ஒருதரம் பாக்கணுங்கய்யா. மத்த நெனப்பையெல்லாம் ஆண்டவர் காலடியில வெச்சுட்டேன். இந்த ஒண்ணு மட்டும் வாசலுக்கு ஓடிடுது."

செல்லப்பன் அவள் கையிலிருந்த பாயை வாங்கி மூலையில் வைத்தார். வாசலைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிறு.

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் செல்லப்பன்.

மழைக்காக ஜெபித்தார். மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழு ஒழியவேண்டும் என்று ஜெபித்தார். பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் நல்ல விலை கேட்டார். வழக்கமாக ஆமென் வருகிற இடம் வந்தது. ஆமென் வரவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்காக ஜெபித்தார். பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளுக்காக, வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்காக, அரியலூர் ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்களுக்காக என்று போய்க்கொண்டே இருந்தது.

பாஸ்டர் லேசாகச் செருமினார். சசிகலா மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"இன்னும் முடியலம்மா, கண்ணை மூடு" என்றார் செல்லப்பன், ஜெபத்துக்கு நடுவிலேயே.

வாசலில் முத்துவேல் இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். நேர் எதிரே, தன்னை வெளியே தள்ளிய மனிதரின் கண்கள் திறந்திருந்தன. அவன் கால் பின்வாங்கியது. மணிமொழி முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

செல்லப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"உம்முடைய வாசல்ல நிக்கற எல்லாருக்காகவும் ஜெபிக்கிறோம் ஆண்டவரே. அவங்கள நிக்க வெச்சவங்களுக்காகவும்..."

ஆமென் சொல்லாமல், கண்ணைத் திறக்காமல் அப்படியே நின்றார். வெளியே ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது. பிறகு, கடைசிப் பாய் சரசரத்தது.

"ஆமென்" என்றார் செல்லப்பன்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். மணிமொழி அப்போதுதான் மூடினாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன மூப்பரே, ஜெபத்துல சிந்தை சிதறக்கூடாதும்பீங்க. இன்னிக்கு ஊரெல்லாம் சுத்திட்டு வந்தீங்களே?"

ஆண்கள் பக்கம் முத்துவேல் கடைசிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். செல்லப்பன் அவனையே பார்த்தபடி சொன்னார்.

"சிதறிடுச்சுங்கய்யா. எதுத்தாப்ல டீக்கடை வரைக்கும் போயிடுச்சு. ஆனா, தனியாத் திரும்பி வரல."