திரும்பக் கூடாது

“யாரு என்ன செஞ்சாலும் திரும்பக் கூடாது, கண்ணு.”

மகளின் மோவாயைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, மூன்றாவது தடவையாகச் சொன்னான் திருமூர்த்தி. ஒன்பது வயது சண்முகப்பிரியா தலையாட்டினாள்.

“பின்னால ஆளு வந்து நின்னாலுமாப்பா?”

அவள் கேட்டது வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் போயிற்று. காத்திருந்தவர்களில் இரண்டு பேர் இந்தப் பக்கம் பார்த்தார்கள். திருமூர்த்தி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தான்.

காது கேட்காத பிள்ளைகளுக்கு இலவசமாகக் காது மிசின் கொடுக்கும் கோயமுத்தூர் அறக்கட்டளை அது. சோமனூரில் விசைத்தறி ஓட்டும் திருமூர்த்திக்கு இது மூன்றாவது நடை. செயலாளர் கோவிந்தராஜுலு, குழந்தைக்குப் பின்னால் நின்று சத்தம் எழுப்புவார். திரும்பினால் மிசின் கிடையாது. போன இரண்டு தடவையும் சண்முகப்பிரியா திரும்பிவிட்டாள்.

காசு போட்டு வாங்கலாம் என்றால் விலை நாலாயிரம். தறி முதலாளி, காரமடை மச்சான், ஊர்ச் சங்கம் என்று ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கிவிட்டான். எல்லோரும் காப்பி கொடுத்து, “ஆகட்டுங்க, பார்க்கலாமுங்க” என்றார்கள். இந்தச் சீமையில் அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம்.

மச்சான் மட்டும் மனசில் பட்டதைக் கேட்டார். “புள்ள நல்லா ஓடியாடிட்டுத்தான இருக்குது மாப்ள, இப்ப எதுக்கு மிசினு?”

கைநீட்டிக் கைநீட்டித் திருமூர்த்திக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. போதாததற்கு, பெற்ற மகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் நிலைமைக்கும் வந்தாயிற்று. ஒரு வாரமாக வீட்டில் இதே ஒத்திகைதான். இவன் பின்னால் நின்று தட்டைக் கீழே போடுவான், அவள் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து.

“சோமனூர் திருமூர்த்தி, உள்ள வாங்க.”

மாடி அறை, பழைய பலகைத் தளம். ஆள் நடந்தால் மேஜை மேல் இருந்த தம்ளர் ஆடியது. கோவிந்தராஜுலு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“மறுபடியும் நீங்கதானுங்களா?”

“டாக்டரு சர்ட்டிபிகேட்டு இருக்குதுங்க.”

“அது காசு குடுத்தாக் கெடைக்குதுங்களே. இங்க வாங்கிட்டுப் போயி வெளிய வித்துப்போடறாங்க. நெசமாவே காது கேக்காத கொழந்தைக்கு இல்லாமப் போயிருதுங்க. உங்களச் சொல்லலீங்க, பொதுவாச் சொல்றேன்.”

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் திருமூர்த்திக்கு இன்னும் எரிந்தது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான்.

பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். கோவிந்தராஜுலு ஒரு இரும்பு ஸ்டூலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பலகை மேல் போட்டார். திருமூர்த்திக்கே தூக்கிவாரிப் போட்டது.

சண்முகப்பிரியாவின் கை பாவாடையைக் கொத்தாகப் பிடித்தது. தலை திரும்பவில்லை.

“பாப்பா, சாக்லெட் வேணுமா?” என்று பின்னாலிருந்து குழைவாகக் கேட்டுப் பார்த்தார். அதற்கும் திரும்பவில்லை.

“சரிங்க, கையெழுத்துப் போடுங்க” என்றார் கோவிந்தராஜுலு.

கீழே வந்து, வேப்பமரத்தடி பெஞ்சில் மகளை உட்கார வைத்தான். சிகரெட் பெட்டி அளவிலிருந்த மிசினை அவள் சட்டையில் மாட்டி, வயரைக் காதில் சொருகினான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவனுக்கு ஆத்திரம்தான் பொங்கியது.

நாலு வயதில் வந்த காய்ச்சலோடு காது போன பிள்ளை அவள். தறி ஓடும் வீட்டில் யாரும் காதால் கேட்டுப் பேசுவதில்லை, வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் அவளுக்குக் காது போன விஷயமே பெற்றவர்களுக்கு ஆறு மாதம் தெரியாமல் போயிற்று.

தறி அதிர்வோடு வளர்ந்த கால் அவளுக்கு. பின்னால் எது விழுந்தாலும், யார் வந்தாலும் பாதத்துக்குத் தெரிந்துவிடும், உடனே திரும்பிவிடுவாள். போன தடவை இதை எடுத்துச் சொன்னதற்கு, “காலுக்குக் காது இருக்குதுங்களா?” என்று கோவிந்தராஜுலு சிரித்தார். நிஜமாகவே காது கேட்காத பிள்ளை, காது கேட்காதது போல் நடித்தால்தான் மிசின் கிடைக்கும் என்றால் இது என்ன நியாயம்?

மிசினில் சத்தம் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பினான். மெத்தென்ற மணலில் நடந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றான்.

“கண்ணு.”

அவள் அசையவில்லை.

“கண்ணு, அப்பா கூப்படறனம்மா.”

அப்போதும் அசையவில்லை. தெருவில் போனவர்கள் பார்க்கும்படி இன்னொரு தடவை கத்தினான். அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வாசலில் நின்றது, இத்தனை பேச்சு வாங்கியது, பிள்ளையைப் படுத்தியது, அத்தனையும் வீண். மாடிக்குப் போய் அந்தப் பெட்டியை மேஜை மேல் வீசிவிட்டு வரலாமா என்றிருந்தது.

சண்முகப்பிரியா கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டாள்.

“அப்பா, இப்பத் திரும்பலாமுங்களா?”