பத்து எண்ணும் வரை

இந்தோனேசியாவின் செமாராங் நகரில், எங்கள் வீட்டுக் கொல்லையில், கொடியில் காயும் கைலிக்குப் பின்னால் திருடனைப் போல ஒளிந்து நிற்கிறேன். மகள் வெனிங்குக்கு இரண்டரை வயது. என்னிடம் இதுவரை ஒரு சொல் பேசியதில்லை. "நீங்க இல்லாதப்ப நல்லாத்தான் பேசுறா" என்கிறாள் மனைவி யாத்மி. என் மனசுக்காகப் புளுகுகிறாள் என்பது என் சந்தேகம். உள்ளே, கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் இறால் அப்பள டப்பா மின்னுகிறது. மூடிமேல் கை வைத்தபடி யாத்மி மகளையே பார்த்துக் காத்திருக்கிறாள். ஈ பறப்பதுகூடக் கேட்கிறது. "அம்மா, தொற." அடிப்பாவி, பேசுகிறாள்! கைலியையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்கிறேன். வெனிங் உடனே வாயை மூடிக்கொண்டு டப்பாவை நோக்கி விரலை நீட்டுகிறாள். "அப்பளமா தங்கம்? பெருசா, சின்னதா? இந்தா, ரெண்டா எடுத்துக்கோ!" யாத்மி என் கையைத் தட்டிவிடுகிறாள். "அவ பேச வேண்டியதையும் நீங்களே பேசிட்டா அவ எதுக்குங்க பேசணும்? மனசுக்குள்ள பத்து எண்ணுங்க." நாக்கைக் கடித்துக்கொண்டு எண்ணுகிறேன். நான்கு. விரல் இன்னும் நீள்கிறது. ஏழு. வெனிங்கின் புருவம் சுருங்குகிறது. கிட்டே வந்து, என் உதடுகளைப் பிஞ்சு விரல்களால் பிரித்து, உள்ளே எட்டிப் பார்க்கிறாள். ஒன்பதில் மெல்லக் கேட்கிறாள்: "அப்பா?"