நாலடிக்கு இரண்டடி

காலை ஆறு இருபதுக்குத் தோணிக்குள் கடல்நீரை மொண்டு ஊற்றத் தொடங்கினார்கள்.

மிதக்கத் தகுதியற்றது என்று ஏழு வாரத்துக்கு முன் எழுதப்பட்ட தோணி. எழுதியவர் துறைமுக சர்வேயர் வன்னியபெருமாள். இப்போது அவரும் அதற்குள்தான் நின்றார். தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது.

'அடிப்பலகை இற்றுவிட்டது. நாலடிக்கு இரண்டடி. மாற்றாவிட்டால் மார்ச் முடிவதற்குள் உடைக்க வேண்டும்.'

மார்ச் முடிய மூன்று நாள் இருந்தது.

தோணிக்காரர் பொன்னுதுரை குலசேகரன்பட்டினத்தவர். உடன்குடிக் கருப்பட்டியைக் கொழும்புக்கு ஏற்றிப்போய்ப் பிழைத்தவர். வேறு தோணி கிடையாது. மாற்றப் பலகையும் கிடையாது. அந்த 1944இல் தூத்துக்குடிக்கு வந்த நல்ல மரமெல்லாம் பட்டாளத்துக்குப் போனது.

ஆனாலும் ஒரு நாள் வந்து, அடைத்துவிட்டேன் என்றார்.

வன்னியபெருமாள் போய்ப் பார்த்தார். உள்ளேயும் வெளியேயும் விரல் கனத்துக்குத் தார்.

"என்ன பலகை அண்ணாச்சி?"

"நல்ல பலகைதான்."

வன்னியபெருமாள் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடவில்லை.

முயல்தீவுக்குக் கிழக்கே ஐந்து பாகம், அதாவது முப்பதடி ஆழத்தில் ஒரு போர்விமானம் கிடந்தது. பொங்கலுக்கு அடுத்த வாரம் விழுந்தது. ஓட்டியவன் குதித்துப் பிழைத்துக்கொண்டான். அதே வகையில் விழுந்த மூன்றாவது விமானம் அது. முதல் இரண்டில் யாரும் பிழைக்கவில்லை.

ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வந்தார். ஒரு திருகாணிகூடக் குறையக்கூடாது என்றார். மேலே வந்ததும் உப்பைக் கழுவ, கரையில் பதினாறு பீப்பாய் நல்ல தண்ணீர் வைத்திருந்தார்.

விமானப்படைப் படகுகள் பதினோரு நாள் தேடின. பிறகு சங்கு குளிக்கும் கயித்தானைக் கேட்டார்கள். அவன் தேடவில்லை. நேரே போய் நங்கூரம் போட்டான்.

தூக்க இரண்டு கலங்கள் வேண்டும். ஒன்று துறைமுகத்தின் இரும்புப் படகு. மற்ற தோணிகளெல்லாம் சரக்கோடு போயிருந்தன. மிஞ்சியது இதுதான்.

தன் தோணியை எடுத்துக்கொள்ளும்படி பொன்னுதுரை தானே வந்து கேட்டார். தாங்கினால் கையெழுத்து. தாங்காவிட்டால் உடைக்கும் வேலை மிச்சம்.

இரண்டையும் இடைவெளி விட்டு நிறுத்திக் குறுக்கே பனந்தடிகளைப் போட்டார்கள். தண்ணீர் நிரப்பித் தாழ்த்துவது. விமானத்தைத் தடியோடு இறுகக் கட்டுவது. பிறகு தண்ணீரை இறைப்பது. கலங்கள் எழும், கட்டியதும் எழும். ஆழம் குறைந்த பக்கம் இழுத்துப்போய் மறுபடியும் தாழ்த்துவது.

ஒன்பது நாள் இப்படி நடந்தது. அதுவரை கடலும் ஒரு பங்கு சுமந்தது. இன்று விமானம் வெளியே வர வேண்டும். இன்று சுமை முழுக்கத் தோணிக்கு.

கயித்தான் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு மேலே வந்தான். கட்டு நழுவாமல் பார்க்க மறுபடியும் முங்க வேண்டும்.

"அண்ணாச்சி, தோணி மூழ்குனா என் தலையிலதான் விழும்."

"விழட்டும்லே. தோணிக்கு அடிபடாம பாத்துக்க," என்றார் பொன்னுதுரை.

இறைக்கத் தொடங்கினார்கள்.

இரும்புப் படகில் எந்திரம் இறைத்தது. தோணியில் பதினான்கு பேர் வாளியால் இறைத்தார்கள். தோணியின் விளிம்புக்கும் கடலுக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

பனந்தடிகள் முனகின. கயிறுகள் நீரைப் பிழிந்தன. தோணி அசையவில்லை.

பொன்னுதுரை வாளியை நிறுத்தவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை.

சாண் ஒன்றரைச் சாணானது.

தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு பலகை தெரிந்தது. வன்னியபெருமாள் குந்தி உட்கார்ந்தார். தார் பூசிய இடத்தைத் துண்டால் துடைத்தார். உள்ளங்கையை வைத்து நூறு வரை எண்ணினார்.

கையை எடுத்துப் பார்த்தார். ஈரம் இல்லை.

"திரும்பும் அண்ணாச்சி."

பொன்னுதுரை திரும்பினார். வன்னியபெருமாள் அவர் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது கடல் பிளந்தது. முதலில் வால். பிறகு பாசியும் சிப்பியும் அப்பிய முதுகு. அருவியாகக் கொட்டியபடி இறக்கைகள். பதினான்கு பேரும் வாளிகளைத் தட்டிக் கத்தினார்கள். இரும்புப் படகில் இருந்தவர்களும் கத்தினார்கள். கயித்தான் பனந்தடி மேல் ஏறி நின்று ஆடினான்.

எஞ்சினியர் தடி வழியாகத் தவழ்ந்து போய், எந்திரத்துக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தபோது கையில் ஒரு குழாய். விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அவர் அழுகிறாரா, கடல்நீரா என்று தெரியவில்லை. இனி அந்த வகை விமானம் விழாது.

திரும்பி வரும்போது இடது இறக்கையில் நின்றார்.

அங்கே ஒரு நீள்சதுர ஓட்டை. ஓரங்கள் நேராக இருந்தன.

அவர் ஏதோ கேட்டார். வன்னியபெருமாள் தமிழில் சொன்னார்.

"இங்கன இருந்த தகடு எங்கன்னு கேக்காரு."

வாளிச் சத்தம் நின்றது.

"சுறா தின்னுருக்கும்," என்றான் கயித்தான்.

வன்னியபெருமாள் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். எஞ்சினியர் வெடித்துச் சிரித்தார். குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு இரும்புப் படகுக்குப் போனார்.

அளவுநாடா வன்னியபெருமாளின் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஓட்டையை ஒருமுறை பார்த்தார். காலடியில் இருந்த தாரை ஒருமுறை பார்த்தார்.

பொன்னுதுரையின் கையில் தாள். மை இன்னும் காயவில்லை.

வன்னியபெருமாள் பக்கத்தில் வந்து நின்றார். கடலைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பலகைக்கு என்ன ஆணி அடிச்சிய? செம்புன்னா உப்புத்தண்ணியில அதை அரிச்சிருமே. செம்பா, இரும்பா?"