நேர் இணைப்பு

பழைய ஒலி மிக்ஸர் வழியாகப் பதிவு செய்தால் கிட்டாரோடு ஓர் இரைச்சலும் சேர்ந்து வரும். வீட்டிலிருந்தே சினிமாப் பாடல்களுக்கு வாசித்து அனுப்பும் டெரன்ஸுக்கு அந்த இரைச்சல் வேண்டும். வலது கை விரல் நடுங்கி ஒரே தந்தியை இரண்டு முறை தொட்டுவிடுவதை, ஆறு மாதமாக அதுதான் மறைத்து வந்தது.

இந்த முறை ஸ்டூடியோவில் பதிவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஒரே இரைச்சல் சார். யூஎஸ்பில நேரா கம்ப்யூட்டருக்குக் குடுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறோம்."

"யூஎஸ்பி எல்லாத்தையும் போட்டுக் குடுத்துடும், பியூலா" என்றான் மனைவியிடம்.

"உங்க தங்கச்சி மாதிரியா? வாசிங்க, பார்த்துக்கலாம்" என்று அவள் கேபிளைச் செருகினாள்.

வாசித்தான். பதிவில் துளி இரைச்சல் இல்லை. ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் இன்னொரு சின்னச் சுரம், யாரோ நகத்தால் கதவைத் தட்டுவதுபோல். வேறு வழியின்றி அதையே அனுப்பினார்கள்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. பியூலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரமாதம் சார்! அந்த ரெட்டைத் தட்டு புதுசா இருக்குன்னு மியூசிக் டைரக்டரே சொன்னார். பல்லவிக்கு மட்டும் அது வேணாமாம். தட்டாம ஒரு தடவை வாசிச்சு அனுப்பிடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதானே உங்களுக்கு?"

பியூலா கணவனைப் பார்த்தாள். "சரி தம்பி, சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

டெரன்ஸ் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவன் அசையவில்லை. நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது.