பக்கத்து வீட்டுப் பூசணி

"இந்தப் பக்கம் நான் ஒரு பிடி விதை வீசுனாப் போதும், அந்தப் பக்கம் உங்க பூசணிக்கொடி மாசமாயிருமுங்க தம்பி."

மதிலுக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னார் பழனிமுத்து. மாதேஸ்வரன் மலைக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டு மகேந்திரன் சிரித்த சிரிப்பில் மைசூர் காக்கைகள் மொத்தமும் எழுந்து பறந்தன.

"சும்னே ரீல் விடாதீங்க சார்" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

மகேந்திரன் வருஷா வருஷம் பூசணி போடுவார். பூப்பதோடு சரி, ஒரு பிஞ்சு நின்றதில்லை. எல்லா வாசலிலும் சிமெண்டு பூசிய தெருவுக்கு எந்தத் தேனீ வரும்?

பழனிமுத்து தன் வாசல் சிமெண்டைப் பெயர்த்தார். கொள்ளேகால் பக்கத்துக் காட்டுப்பூ விதைக் கலவையை மணலோடு கலந்து தூவினார். மழைக்குத் தும்பையும் காசித்தும்பையும் பண்ணைக்கீரையும் போட்டி போட்டு எழுந்தன. லட்சம் தேனீ வந்துவிட்டதாக அவர் ஊரெல்லாம் சொன்னார். அவர் மனைவி அஞ்சலை பார்த்தது ஏழெட்டு.

அந்தச் செடிகளுக்குள்ளே புலியே படுக்கலாம் என்று பழனிமுத்து பெருமையடித்ததுதான் வினையானது. புலி இருக்கட்டும், பாம்பு வரும் என்று தெரு கூடிவிட்டது. தெரு சங்கச் செயலாளர் மகேந்திரன்தான். ஞாயிற்றுக்கிழமை மெஷின் வைத்து வெட்டிவிடலாம் என்றார்.

பழனிமுத்துவுக்குத் தூக்கம் போனது. கடைசியில் ஒரு பந்தயம் கட்டினார். ஞாயிற்றுக்குள் மகேந்திரன் கொடியில் காய் இல்லையென்றால், தானே முதல் செடியைப் பிடுங்கித் தருவதாகச் சொன்னார். வெற்றி நிச்சயம் என்று மகேந்திரனும் தலையாட்டினார்.

ஞாயிறு காலை மெஷின் உறுமியது. பழனிமுத்து மதிலோரம் ஓடினார். முகத்தில் பால் வடிந்தது.

"அந்தப் பெரிய இலையைத் தூக்கிப் பாருங்க தம்பி."

மகேந்திரன் இலையைத் தொடவேயில்லை. மெஷின்காரரிடம் கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பினார்.

"காயைப் பாக்காமயே அனுப்பிட்டீங்க?"

"நீங்க வாழைநார்ல கட்டித் தொங்கவிட்ட மார்க்கெட் காயா சார்? அது நேத்தே எங்க வீட்டுல சாம்பார் ஆயிடுச்சு." மகேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "அதை அவுக்கும்போதுதான் பார்த்தேன். பின்னாடி எலுமிச்சை சைஸ்ல மூணு பிஞ்சு, கொடியே பிடிச்சது. ஒத்துக்கறேன் சார், நீங்க சொன்னது நடந்திருச்சு."